வண்டி ஏறுமா என்று முதலில் கேளுங்கள்

ஜமுனாமரத்தூரில் குதிரைச் சவாரி தொடங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் இரண்டு குதிரை பிடித்து வரப் போகிறீர்கள், கோமுட்டேரிப் படகுத்துறைக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சவாரி விடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சாமையும் பலாவும் புளியும் விற்றுச் சேர்த்த காசை நம் மலையிலேயே ஒரு தொழிலில் போடுகிறீர்கள். கேரளத்துக்குக் கூலிக்குப் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கூடவே இன்னொரு சேதியும் காதில் விழுந்தது. கைபேசியில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் குதிரைப் பெட்டி ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்யலாம் என்று பேசிக்கொள்கிறீர்களாம். இந்த மடல் அதற்காகத்தான்.

நான் வாணியம்பாடியில் ஜட்கா ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவன். கொள்ளும் லாடமும் கடிவாளமும் பார்த்து வளர்ந்தவன். ஜட்கா காலத்தில் குதிரையை வண்டியில் ஏற்றும் பேச்சே கிடையாது. குதிரைதான் வண்டியை இழுத்தது, எந்த ஊருக்கும் தன் காலாலேயே நடந்து போனது. இன்றைக்கு நிலைமை வேறு. நீங்கள் வாங்கும் குதிரை உங்கள் கைக்கு வந்ததும் செய்யப் போகும் முதல் காரியம் ஒரு வண்டியில் ஏறி நிற்பதுதான். அந்த முதல் பயணத்தில் மிரண்டுவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் பலகையில் கால் வைக்காது. பாதி ராத்திரியில் வயிற்று வலி வந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில் ஆறு பேர் சேர்ந்து தள்ளினாலும் ஏறாது.

இழுவைப் பெட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது நன்றாக ஓடுகிறது என்றால், அங்கே அதற்கென்றே இழுவைத் திறன் குறிப்பிட்ட வண்டிகள் இருக்கின்றன, பெட்டிக்கும் தனி பிரேக் இருக்கிறது, பழுது பார்க்கக் கடை இருக்கிறது. இரண்டு குதிரை நிற்கும் பெட்டி காலியாகவே ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். இரண்டு குதிரையும் ஏறினால் இன்னும் முக்கால் டன். மலையிறக்கத்தில் அத்தனை எடையும் ஜீப்பைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். கொண்டைஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். இழுவைப் பெட்டியை ரிவர்ஸ் எடுப்பது சமதரையிலேயே வித்தை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் சாலையில் உள்ளே உயிர் நிற்க அதைச் செய்ய வேண்டுமா? அதோடு பெட்டியையும் தனி வாகனமாகப் பதிவு செய்தாக வேண்டும். பட்டறையில் அளவு சொல்லி அடித்ததைப் பதிவு செய்து வாங்குவதற்குள் அடுத்த ஆடி வந்துவிடும். டிராக்டர் டிப்பரில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கரும்பு ஏற்றுகிற டிப்பரில் குலுக்கலைத் தாங்க ஒன்றுமே கிடையாது.

அப்படியானால் குட்டியானை? சந்தையில் அதில்தான் நிறையப் பேர் ஏற்றுவதைப் பார்ப்பீர்கள். குட்டியானையில் குதிரை போவது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அளவு பார்ப்போம். சரக்குத் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். மார்வாரிக் குதிரை ஒன்று தலையை இயல்பாக நீட்டி நின்றால் மூக்கிலிருந்து வால் வரை 8 அடி வரும். ஆக, தலையை மேலே தூக்கிக் கட்டினால்தான் உள்ளே அடங்கும். அப்படிக் கட்டக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். குட்டையான நாட்டு மட்டக்குதிரை ஒன்றுக்கு, பக்கக் கம்பிகளை உயர்த்தியிருந்தால், குட்டியானை போதும். அதற்கு மேல் போதாது.

அடுத்தது பிக்கப். 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள தட்டு என்று வைத்துக்கொள்வோம். இங்கே சட்டம் வருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-இ என்று ஒரு விதி சேர்த்து, 2016 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு உருப்படிக்கும் நிலையான தடுப்பு இருக்க வேண்டும். குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். மாட்டுக்கு 2, ஆட்டுக்கு 0.3. 2.25 சதுர மீட்டர் என்பது சுமார் 24 சதுர அடி. நான் சொன்ன பிக்கப் தட்டு ஐம்பது சதுர அடியைத் தொடும். காகிதத்தில் இரண்டு குதிரை அடங்கும். ஆனால் அகலத்தைப் பாதியாகப் பிரித்தால் ஒரு குதிரைக்கு இரண்டே முக்கால் அடி அகலம்தான் கிடைக்கிறது. வண்டி வளையும்போது குதிரை கால்களை அகட்டி ஊன்றித்தான் விழாமல் நிற்கும். இரண்டே முக்கால் அடியில், நடுவில் பலகையும் தரைவரை இறங்கியிருந்தால், காலை எங்கே அகட்டும்? என் கணக்கு இதுதான்: பிக்கப்பில் மட்டக்குதிரை என்றால் இரண்டு, மார்வாரியோ கத்தியவாரோ என்றால் ஒன்று. நடுத்தடுப்பு வயிற்று மட்டம் வரை இறங்கினால் போதும், கீழே திறந்திருக்கட்டும்.

அதே விதியில் உங்கள் வரவுசெலவுக் கணக்கையே புரட்டிப் போடும் ஒரு வரி உண்டு. கால்நடை ஏற்றவென்று மாற்றிய வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. ‘குதிரை ஏற்றாத நாளில் பலாப்பழமும் சாமை மூட்டையும் போளூர்ச் சந்தைக்கு இறக்கலாம், வண்டிக்கடன் அதிலேயே அடைந்துவிடும்’ என்றுதானே திட்டம்? நடக்காது. இரண்டு குதிரைக்காக ஒரு வண்டியை வாங்கினால் அது வருஷத்தில் முக்கால்வாசி நாள் புளியமரத்தடியில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. சாலையில் இந்த விதிப்படி அமைந்த வண்டிகளைப் பார்ப்பது அரிது என்பதும் உண்மைதான். ஆனால் வழியில் மறித்துக் கேட்டால் பதில் சொல்லப் போவது நீங்கள், அந்தக் காணொளிக்காரர் அல்ல.

ஆகவே இந்த வருஷம் வாங்க வேண்டாம், வாடகைக்குப் பிடியுங்கள். சந்தைக்கு வெளிமாநிலத்திலிருந்து குதிரை கொண்டுவரும் வியாபாரிகளிடமும், ஈரோடு, கோவைப் பக்கம் குதிரை வளர்ப்பவர்களிடமும் இதற்கென்று அமைத்த வண்டிகள் இருக்கும். பதிவுச் சான்றை வாங்கிக் கால்நடை வண்டிதானா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் போகும் வேறு யாராவது குதிரை வாங்கியிருந்தால் சேர்ந்து ஒரு லாரி பேசுங்கள். செலவும் குறையும், பெரிய வண்டியில் குதிரைக்கு இடமும் தாராளம். உங்கள் பணத்தில் சொந்தமாக வாங்க வேண்டியவை வேறு: கனமான ரப்பர் பாய், தென்னைநார்ப் பாய், ஏற்றி இறக்க ஒரு நல்ல சாய்பலகை, பருத்திக் கயிற்று முகக்கயிறு குதிரைக்கு இரண்டு, தண்ணீர்க் கேன், வாளி. இவை எந்த வண்டிக்கும் ஆகும்.

இப்போது சந்தை. அந்தியூரை அடுத்த புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை தமிழ்நாட்டில் குதிரைக்குப் பேர்போனது. திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கிய இடம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவார், வெள்ளை நொக்ரா, நாட்டுக்குதிரை எல்லாம் நிற்கும். வாங்குகிறவர்கள் கூட்டம் முழுக்கச் சுழிதான் பார்க்கும். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், ராஜசுழியா, குடிகெடுக்கும் சுழியா என்று ஆளாளுக்கு விரலை வைத்துப் பார்ப்பார்கள். சுழிக்கு ஏற்ப விலையும் ஏறி இறங்கும். பெரியவர்கள் மனம் கோணாமல் நீங்களும் பாருங்கள். ஆனால் உங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி ஏறுமா?

அதை வாயால் கேட்டால் போதாது. விலை பேசி முன்பணம் கொடுத்ததும், மீதியைக் கொடுக்கும் முன், உங்கள் கண்ணெதிரே விற்கிறவரையே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பலகையை மோந்து பார்த்து, குளம்பால் ஒரு தட்டுத் தட்டி, காதை முன்னே நீட்டி மெதுவாக ஏறினால் நல்ல குதிரை. யோசிக்கிறது, பயப்படவில்லை. கண்ணின் வெள்ளை தெரிய, காதைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு பின்வாங்கினால் முன்பு எங்கோ அடிபட்டிருக்கிறது. ஒரே பாய்ச்சலாக உள்ளே பாய்ந்தாலும் எச்சரிக்கை. சாட்டைக்குப் பயந்து ஏறுகிற குதிரை அப்படித்தான் பாயும். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையில் பகலில் பரியாக வந்தது ராத்திரியில் நரியாகிவிட்டது. சந்தையில் சாதுவாக நிற்பதெல்லாம் வீட்டிலும் அப்படியே நிற்கும் என்று நம்பாதீர்கள். பொருமல் இல்லாமலும் மூக்கில் சளி ஒழுகாமலும் இருக்கிறதா என்று பார்த்து, கால்நடை மருத்துவரிடம் பயணத்துக்குத் தகுதிச் சான்று வாங்குங்கள். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும். ரத்தப் பரிசோதனை முடிவு சந்தை கலைவதற்குள் வராது. அதனால் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, முடிவு வரும்வரை புதுக்குதிரையை ஊரில் இருக்கும் கழுதை, குதிரை எதன் பக்கமும் விடாமல் தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

ஏற்றும் நேரம் வந்ததும் அவசரப்படாதீர்கள். பலகை செங்குத்தாக இருந்தால் மலைக் குதிரையும் மறுக்கும். வண்டியைப் பின்னால் விட்டு மேட்டிலோ வரப்பிலோ தட்டைச் சேர்த்துவிட்டால் ஏறக்குறைய சமதளம் ஆகிவிடும். பலகை கொஞ்சம் சாய்ந்தால் போதும். இரும்புத் தகட்டுத் தரையில் குளம்பு பட்டதும் எழும் சத்தமே பாதி பயம். பாய் விரித்து, மேலே வைக்கோல் போடுங்கள். முன்னால் நடப்பவர் திரும்பிக் குதிரையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு இழுக்கக் கூடாது. குதிரைக்குப் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நடக்க வேண்டும்.

இனிச் சொல்வதை உங்களில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உள்ளே ஏறியதும் குதிரைக்குப் பின்னால் குறுக்கே வரும் பின்கட்டையை முதலில் போடுங்கள், அப்புறம்தான் தலைக்கயிற்றைக் கட்டுங்கள். இறக்கும்போது தலைக்கயிற்றை முதலில் அவிழுங்கள், அப்புறம்தான் பின்கட்டையை எடுங்கள். மாற்றிச் செய்தால், பின்னால் திறந்திருப்பதைப் பார்த்துக் குதிரை பின்வாங்கும். தலை கட்டுண்டிருக்கும். உடனே அது தலையை வெட்டி இழுக்கும், கால் வழுக்கும், மல்லாந்து விழும். கழுத்தெலும்பு முறிவதும் மனிதன் மார்பில் மிதிபடுவதும் இப்படித்தான். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு வேண்டவே வேண்டாம்.

தலையைத் தூக்கிக் கட்டக் கூடாது என்றேனே, அதற்குக் காரணம் மூச்சுக்குழாய். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் இருமி வெளியேற்றும். பல மணி நேரம் தலையை நிமிர்த்தியே வைத்தால் அழுக்கு நுரையீரலுக்குள் இறங்கும். பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் வரும். ‘மலைக்காற்று ஒத்துக்கலை’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், வினை கயிற்றில் இருந்திருக்கும். முகவாய் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வரும் அளவுக்குக் கயிறு நீளமாகவும், காலைத் தூக்கி மாட்டிக்கொள்ளாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் கொள்ளைக் கொட்டி வயிற்றை நிரப்பாதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கினால் சிக்கியதுதான். புல்லும் தண்ணீரும் போதும், வண்டியில் தொங்கவிடும் புல்லை நனைத்துவிட்டால் தூசி பறக்காது.

1978 விதிகள் குதிரை வண்டியின் வேகத்தை மணிக்கு 35 கிலோமீட்டர் என்று கட்டுகின்றன. நான்கிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் ஏற்றக் கூடாது, உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும், குதிரைகளுக்கு நடுவில் 8 செண்டிமீட்டர் தடிமனுக்குக் குறையாத மூங்கில் வேண்டும், எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்கத் தலை இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் உண்டு. லாரியை மனத்தில் வைத்து எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. ஐந்தரை அடிப் பிக்கப்பில் குதிரையைக் குறுக்கே நிறுத்த முடியாது. பிக்கப்பில் எஞ்சினைப் பார்த்து நீளவாக்கில் நிறுத்தி, வலப்பக்கத்துக்கு மட்டும் கண் மட்டம் வரை சாக்கோ பலகையோ வைத்து மறையுங்கள், காற்று மேலே வரட்டும். நான்கு பக்கமும் தார்ப்பாய் சுற்றி அவிய விடாதீர்கள்.

அந்தியூர், அம்மாபேட்டை, மேட்டூர், தொப்பூர், தருமபுரி, திருப்பத்தூர் என்று வந்தால் அடிவாரம் சேர நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 35 வேகத்தில் நிற்காமல் வந்தாலே ஐந்து மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டினால் ஏழு. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் திருப்பத்தூர். தொப்பூர்க் கணவாயில் நீங்கள் ஏறுமுகமாக வருவீர்கள், அது நல்லது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இறங்கும் லாரிகளின் சத்தத்துக்குக் குதிரை துள்ளும். உடன் வருபவர் அங்கே தூங்கக் கூடாது. ஓட்டுநர் யார் என்பது வண்டியைவிட முக்கியம். நின்றுகொண்டே வரும் குதிரைக்கு ஒவ்வொரு பிரேக்கும் ஒரு தள்ளு. முதுகில் மூட்டை இருப்பதுபோல ஓட்டுகிறவரைப் பிடியுங்கள், பாட்டைச் சத்தமாக வைத்து ஹாரனை அழுத்துகிறவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

அன்றைக்கே மலை ஏறிவிடாதீர்கள். திருப்பத்தூரிலோ ஆலங்காயத்திலோ தெரிந்தவர் தோப்பில் இறக்கி, மெல்ல நடத்தி, இரவு தங்குங்கள். வண்டியில் நிற்பதும் குதிரைக்கு வேலைதான், கால் தசை ஓயாமல் சமநிலை பார்த்துக்கொண்டே இருக்கும். பல குதிரைகள் ஓடும் வண்டியில் சிறுநீரும் கழிக்காது. மறுநாள் காலையில் ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறுங்கள். காவலூர் என்றதும் நினைவுக்கு வருகிறது: வைணு பாப்பு வான்நோக்ககத்தின் 2.34 மீட்டர்த் தொலைநோக்கிக்கான கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றித்தான் இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1986 முதல் அந்தத் தொலைநோக்கி நம் மலையில் இயங்கி வருகிறது. பொறுமையாக ஏற்றினால் இந்தச் சாலைகளில் எதையும் பத்திரமாக ஏற்றலாம். இறக்கத்தில் மட்டும் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள். வண்டி மறுபடி ஏறமாட்டேன் என்று குதிரை அடம்பிடித்தால், அடித்து ஏற்றுவதைவிட விடிந்ததும் நடத்தி ஏற்றுவது மேல். பகல் வெளிச்சத்தில் நடத்துங்கள், இருட்டில் கரடி நடமாட்டம் இருக்கிற காடு இது.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியாக வரவழைத்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை வருஷம் திரும்பும் முன் செத்ததையும் எழுதியிருக்கிறார். வாங்குவதற்குப் பணம் இருந்தது, அதற்குப் பின்னால் செய்ய வேண்டியது தெரியவில்லை. உங்களிடம் ஆயிரம் குதிரை வாங்கும் பணம் இல்லை. இரண்டு என்றால் இரண்டையும் காப்பாற்றியாக வேண்டும்.

இரண்டு வருஷம் சவாரி ஓடி, ஐந்தாறு குதிரை சேர்ந்து, கோடைவிழாவுக்கும் கீழே கல்யாண ஊர்வலத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தால் அப்போது சொந்த வண்டி பற்றிப் பேசலாம். அன்றைக்கும் பெட்டி வேண்டாம். அகலமான தட்டுள்ள சின்ன லாரி பாருங்கள். பழைய வண்டி என்றால் முதலில் குனிந்து தட்டின் அடியைப் பாருங்கள். மாட்டு மூத்திரமும் குதிரை மூத்திரமும் பலகையையும் இரும்பையும் அரித்திருக்கும், ஓடும்போது தரை விட்டுப்போய்க் கால் கீழே இறங்கிய குதிரைகள் உண்டு. ஆணியால் குத்திப் பார்த்து, உளுத்திருந்தால் தரையை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வில்பட்டைகள் வண்டியின் முழுச் சுமைக்குக் கணக்கிட்டவை. ஒற்றைக் குதிரையோடு போனால் தூக்கித் தூக்கிப் போடும், அதற்கேற்ப டயர்க் காற்றைக் குறைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். முன்பக்கம் ஆள் நுழைந்து வெளியேற ஒரு சின்னக் கதவு கட்டாயம் வேண்டும். அது இல்லாத வண்டியில் குதிரையின் முன்னால் போய்ச் சிக்கிக்கொண்டால் வெளியே வர வழி கிடையாது. நாமக்கல், திருச்செங்கோட்டில் பாடி கட்டுகிறவர்களுக்கு லாரி தண்ணிபட்ட பாடு, ஆனால் குதிரை தெரியாது. அளவை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டி முடித்ததும் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, ஆடிக்கு முன் ஒரு வேலை. அடிவாரத்தில் பாதி ராத்திரியிலும் கூப்பிட்டால் வருகிற பிக்கப்காரர் ஒருவரையும், போனை எடுக்கிற கால்நடை மருத்துவர் ஒருவரையும் பேசி வையுங்கள். இருவர் எண்ணையும் லாயச் சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதுங்கள். வண்டியை ஒருநாள் மேலே வரச்சொன்னால் நானும் வாணியம்பாடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். தட்டை அளந்து, தடுப்பு எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அடிவாரத்து அண்ணன்